வெள்ளிக்கிழமைக் குளோரின்

எனக்குத் தேநீர் விஷயத்தில் பொறுமை கிடையாது. மற்ற விஷயங்களில் உண்டா என்று என் மனைவியைக் கேட்டால் சிரிப்பாள். யாழ்ப்பாணத்தார் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் தண்ணீரைத்தான் குறை சொல்வார்கள். நானும் அந்தக் கூட்டம்தான்.

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடிக்குப் பைப் தண்ணீர் போதாது. குழாய்க்கிணற்று நீரையும் சேர்த்து, கார்கள் நிற்கும் தளத்துக்குக் கீழே உள்ள தொட்டியில் நிரப்பி மேலே ஏற்றுகிறோம். அந்தத் தொட்டியில் வெள்ளிக்கிழமை தோறும் குளோரின் போட வேண்டும் என்று குடியிருப்பாளர் சங்கம் தீர்மானித்தது. தீர்மானத்தை எழுதியவன் செயலாளராகிய நான். போடுகிறவர் காவலாளி. அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து பம்ப் அறைக்கு அருகே தங்கியிருந்தார். அவரை வேலைக்குச் சேர்த்தவனும் நான்தான்.

சனிக்கிழமைகளில் என் பிளேன்டீயில் ஆஸ்பத்திரி மணக்கும். பொறுத்துப் பார்த்தேன். ஒரு வியாழன் மாலை அவரிடம் இறங்கிப் போனேன்.

"இந்த மருந்து இனிப் போடவேண்டாம். தேத்தண்ணி வாயில வைக்க ஏலாமல் கிடக்கு."

"கமிட்டியில ஏசுவாங்களே சேர்?"

"கமிட்டிக்கு நான் சொல்லுறன்."

சொல்லவில்லை. தேநீர் ருசித்தது, அத்தோடு மறந்துபோனேன்.

மருந்தை நிறுத்திய மூன்றாம் கிழமை பெருமழை. ஒழுங்கையின் கழிவுநீர்க் கான் நிரம்பி, அழுக்குத் தண்ணீர் கார்த் தளத்துக்குள் வந்து, தொட்டி மூடியின் விளிம்பால் உள்ளே இறங்கியிருக்கிறது. எவரும் கவனிக்கவில்லை. நான்கு நாளில் முதலாம் மாடிப் பிள்ளைக்கு வயிற்றாலடி. ஆறு வயது. பள்ளிக்கூடத்தால் வந்ததும் பைப்பைத் திறந்து கையில் ஏந்திக் குடிக்கிறவள். தகப்பன் புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கிறார். நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டுக்கு நாள் தவறாமல் கஞ்சி அனுப்புகிற மனிதர்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். பிள்ளைக்குச் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. கண்கள் குழிக்குள் போயிருந்தன. தாய் என்னிடம், "புள்ளைக்கு துஆ செய்யுங்க அங்கிள்" என்றார். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். நான் குடித்ததோ கொதிக்க வைத்த தேநீர். என் வினை அந்தப் பிள்ளையைத்தான் சுட்டது.

பிள்ளை தேறி வீட்டுக்கு வந்த பிறகு கூட்டம் போட்டார்கள். தகப்பன் காவலாளியைப் பார்த்து, "மருந்து போட்டீங்களா இல்லையா? உண்மையச் சொல்லுங்க" என்றார்.

காவலாளி என்னைப் பார்த்தார். நான் பேனையைப் பார்த்தேன். 'நான்தான் நிறுத்தச் சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. குனிந்து திகதி எழுதினேன். பயம்தான், வேறென்ன. இனி அந்த வீட்டுக் கஞ்சியை எந்த முகத்தோடு வாங்குவது என்ற பயம்.

"மறந்துட்டேங்க" என்றார் அவர்.

'காவலாளியின் கவனக்குறைவு' என்று கூட்டக் குறிப்பில் எழுதினேன். என் கையெழுத்தை எல்லோரும் மெச்சுவார்கள். அன்றும் அது அழகாகவே இருந்தது. மாதக் கடைசியோடு அவரை நிறுத்துவதென்று தீர்மானமாயிற்று. அதையும் நானே எழுதினேன்.

போகிற நாள் காலையில் பம்ப் அறைப் பூட்டின் திறப்பை ஒப்படைக்க வீட்டுக்கு வந்தார். தோளில் ஒரு பை மட்டும். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். மனைவி பின்னால் நின்றாள். "மழை வரப்போகுது, கவனமாப் போங்கோ" என்றுதான் வந்தது. வெட்கக்கேடு.

படியில் இறங்கியவர் திரும்பி நின்றார்.

"புது ஆளுகிட்ட வெள்ளிக்கிழமை தவறாம மருந்து போடச் சொல்லிடுங்க சேர். யாரு வேணாமுன்னு சொன்னாலும் நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிடுங்க."

"ஓம், சொல்லுறன்" என்றேன்.