மாற்றாள் கேட்கும் பேய்கள்

வில்லரேயில் நான் வேலை செய்த சலவைத் தொழிற்சாலையின் நிலவறையை விட்டு வெளியேறி, என் அறை இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பின்னாலேயே மேற்பார்வையாளர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"தம்பி, ஆள் தராமல் போகேலாது."

அது எங்கள் ஆட்களின் வழக்கம். கணக்கில் வராத கைக்காசு வேலையை விடுகிறவன் தன் இடத்தில் ஒருவனை வைத்துவிட்டுப் போக வேண்டும். எனக்கும் அந்த வேலை அப்படித்தான் வந்தது. வைக்காமல் போனவனை இந்தப் பகுதியில் பிறகு எவரும் சேர்க்கமாட்டார்கள். ஈரத்துணி மூட்டைகளை இழுத்து இழுத்து என் வலத்தோள் மேலே எழும்பாமல் போயிருந்தது. இனி அங்கே இறங்குவதில்லை என்று கிளம்பிவிட்டேன்.

குளிருக்கு நூலகத்தில் ஒதுங்கியபோது சுமேரியரின் பாதாளப் பேய்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் என்றாலும் கையில் கிடைப்பதைப் படிப்பேன். பாதாளத்துக்குப் போன ஒரு பெண் தெய்வம் மேலே திரும்பும்போது அந்தப் பேய்களும் கூடவே வருகின்றன. அவளுக்குப் பதிலாக ஒருவரைக் கொடுத்தால்தான் விடும். அவை உண்பதில்லை, குடிப்பதில்லை, பரிசு வாங்குவதில்லை. சரிக்கட்ட வழியே இல்லை.

தெருமுனையில் டெபனர் என்கிற சில்லறைக் கடை வாசலில் நின்றேன். "அண்ணை, ஒரு கோப்பி குடிப்பமே?"

"வேண்டாம். நீர் ஆளைச் சொல்லும்."

"இந்த ஊரில ஆளுக்கா பஞ்சம்?"

"இருந்தா உமக்குப் பின்னால ஏன் நாய் மாதிரி வாறன்? ஆள் இல்லாட்டி முதலாளி என்னைத்தான் கீழ இறக்குவார். முழங்காலுக்குள்ள தகடு கிடக்குது."

என் அறை மூன்றாம் மாடியில். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி, அவர் அங்கேயும் வந்துவிட்டார்.

அந்தத் தெய்வம் வீடு திரும்பியபோது அவளுடைய கணவன் துக்கம் ஏதுமின்றி, நல்ல உடுப்போடு ஆசனத்தில் இருந்தானாம். கோபத்தில் அவனையே பேய்களுக்குக் கொடுத்துவிட்டாள். என் அறையில் இருந்தவன் சென்னையிலிருந்து படிக்க வந்த பையன். போர்வையைச் சுற்றிக்கொண்டு நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தான்.

"தம்பிக்கு வேலை வேணுமோ?" என்றார் மேற்பார்வையாளர்.

"வேணும் சார்! நாளைக்கே வரேன். என்ன வேலை?"

"உடுப்புத் தோய்க்கிறது. எல்லாம் மெசின்தான்."

"மெஷின்னா ஜாலிதான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தால் போதும். எனக்குக் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது.

"அவனை விடுங்கோ அண்ணை. காலையில வகுப்பு. போகாட்டி விசா போயிடும்."

"ஏன்ணா என் சான்ஸைக் கெடுக்கிறீங்க?" என்று பையன் சிணுங்கினான்.

"அப்ப ஆர் இறங்கிறது?"

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு கதவடியிலேயே நின்றார்.

மறுநாள் காலை அதே நிலவறையில் அதே வேலையை எடுத்தேன். "இடக்கையால இழும் தம்பி," என்றார் அவர், மேல்படியில் நின்று. இடக்கையால் முதல் மூட்டையை இழுத்தேன்.