நம்பர் இல்லாத இடம்

சம்ரீன் ஒன்றை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் கடைக்காரர் தலைகீழாக நின்றாலும் வாங்க வைக்க முடியாது. வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாலோ, கூட இருக்கிற நம்மை நிம்மதியாக உட்கார விடமாட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்குப் பழக்கம் என்பதால் அனுபவித்துச் சொல்கிறேன். பாலக்கரையில் வீடு, பெரிய கடை வீதியில் ஓர் இரும்புக் கடையில் பில் போடும் வேலை. கணவர் நஸ்ருல்லா ஷார்ஜாவில் இருக்கிறார். கடைக்குப் போகிற டவுன் பஸ் எப்போது வரும் என்று தெரியாத எரிச்சலில்தான் அவள் எங்கள் குழுவில் சேர்ந்தாள்.

எந்த நிறுத்தத்துக்கு எந்த பஸ் எப்போது வரும் என்று காட்டுகிற செயலி ஒன்றை எங்கள் குழு செய்கிறது. கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், திருத்தலாம். நிரல் எழுதுகிறவர்கள் என்னையும் சேர்த்து நாலைந்து பேர்தான். மற்றவர்கள் நிறுத்தத்தில் நின்று பஸ் வந்த நேரத்தைச் சொல்வார்கள். எல்லாப் பேச்சும் ஒரு வாட்ஸ்அப் குழுவில். அதைக் கட்டி மேய்த்தவர் ஸ்ரீரங்கத்துப் பீமராவ், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். பஸ் நேரத்தோடு காலை வணக்கமும் ஏகாதசி மகிமையும் தவறாமல் அனுப்புவார். யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர். எங்களுக்கு வந்த தலைவலியில் பாதி அதனால்தான்.

எங்களில் ஓயாமல் நேரம் சொன்னவள் வேணி. சமயபுரத்தில் அவளுடைய அண்ணன் நடத்துகிற லாட்ஜில் வரவேற்பு மேஜையில் இருப்பவள். வாசலிலேயே பஸ் நிறுத்தம். ஆடி வெள்ளிக்கிழமைகளில் எந்த பஸ் ஊருக்குள் வராமல் ஹைவேயோடு போய்விடும் என்று குரல் பதிவில் சொல்லிக்கொண்டே இருப்பாள். பாதி சமயபுரம் அதை நம்பித்தான் வீட்டை விட்டுக் கிளம்பியது.

ஒருநாள் அவள் குழுவை விட்டு விலகிவிட்டாள். சம்ரீன் கூப்பிட்டுப் பார்த்தால் எண் உபயோகத்தில் இல்லை. மறுநாளே சமயபுரம் பஸ் ஏறினாள். குழுவில் வேணியின் எண்ணைப் பார்த்து எவனோ கூப்பிட்டிருக்கிறான். குரல் இனிக்கிறதாம். ஒரு எண்ணைத் தடுத்தால் இன்னொரு எண்ணிலிருந்து வந்திருக்கிறான். அண்ணன் சிம்மை உடைத்துப் போட்டுவிட்டார்.

“நாள் பூரா சாவி கொடுக்குறேன், சாவி வாங்குறேன். இது ஒண்ணுதான்க்கா நானா ஆசைப்பட்டு செஞ்சது,” என்றாள் வேணி. “புது நம்பர் வெளிய போகவே கூடாதுன்னு அண்ணன் முடிவா சொல்லிட்டாரு.”

“போகாது. நம்பரே கேக்காத இடமா பாக்குறேன். உங்க அண்ணன்கிட்ட நானே காட்டுறேன்.”

கே.கே. நகரில் ஒரு டியூஷன் சென்டரில் குழு கூடியது. பீமராவ் பதறிப்போனார். “நம்ம குழுவுல அப்படி யாரும் கிடையாதும்மா. எல்லாரும் நன்னாத் தெரிஞ்சவா.”

“தெரிஞ்சவங்கன்னா அவன் பேரைச் சொல்லுங்க சார்,” என்றாள் சம்ரீன்.

இடத்தை மாற்றினால் பாதிப் பேர் வர மாட்டார்கள் என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். “பாதிப் பேரு போதும். அதுல வேணி இருக்கணும்,” என்றாள்.

அதற்கப்புறம் அவள் ஒவ்வொரு செயலியாக இறக்கிப் பார்த்தாள். ஒன்று எண்ணை வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்குக் காட்டாமல் வைத்துக்கொள்ளும். “காட்ட மாட்டான், சரி. வாங்குறான்ல?” என்று அதைத் தள்ளினாள். இன்னொன்றில் குழுப் பேச்சுக்குப் பூட்டே கிடையாது, நடத்துகிற நிறுவனம் படிக்கலாம். கடைசியில் மேட்ரிக்ஸ் என்பதில் வந்து நின்றாள். எண் தேவையில்லை, பூட்டு உண்டு, அதுவும் கட்டற்ற மென்பொருள், நம் சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். அந்த வேலை என் தலையில் விழுந்தது. முணுமுணுத்துக்கொண்டே செய்து கொடுத்தேன்.

எல்லோரையும் புது இடத்துக்குக் கூட்டிவரும் பொறுப்பைப் பீமராவ் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். போனிலேயே சொல்லிக்கொடுத்து அத்தனை பேரையும் சேர்த்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் சம்ரீன் உறுப்பினர் பட்டியலைத் திறந்துகூடப் பார்க்காமல் சமயபுரம் போய் வேணியின் அண்ணனிடம் போனை நீட்டினாள்.

அவர் பார்த்தார். “நம்பரே இருக்காதுன்னீங்க. வரிசையா நம்பராத்தானங்க இருக்கு?”

உண்மைதான். பயனர் பெயர் என்ன வைப்பது என்று கேட்ட எல்லோருக்கும் பீமராவ் ஒரே பதிலைச் சொல்லியிருந்தார். “மொபைல் நம்பரையே போட்டுடுங்கோ. கேஸ் புக் பண்ணவும் அதான், கரண்ட் பில்லுக்கும் அதான். மறக்கவே மறக்காது.”

திரும்பும் பஸ்ஸிலிருந்து சம்ரீன் என்னைக் கூப்பிட்டாள். அழுதாள். பரீட்சையில் தவறியபோதுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை. எனக்குப் பீமராவைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அந்தப் பேருங்களை மாத்த முடியுமா?” என்று கேட்டாள். வைத்த பயனர் பெயர் வைத்ததுதான், மாற்ற முடியாது என்றேன்.

“அப்ப எல்லாத்தையும் அழிச்சுடு. திரும்ப ஆரம்பிப்போம்.”

பீமராவிடம் அவளே போய்ப் பேசினாள். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. “பழகறதுன்னா நம்பர் குடுக்கறதுதானேம்மா?”

“நீங்க குடுத்தா பழக்கம் சார். வேணி குடுத்தா, அவளை எவன் வேணா எப்ப வேணா கூப்பிடலாம்னு அர்த்தமாயிடுது.”

அப்புறம் அவரே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு, புதிதாகச் சேரச் சொன்னார். இந்தத் தடவை விதி சம்ரீன் போட்டது: எண் கூடாது, சொந்தப் பேரும் கூடாது, ஆளுக்கொரு பஸ் நிறுத்தத்தின் பேர். தான் இருக்கும் ஊர் நிறுத்தத்தை யாரும் எடுக்கக் கூடாது. குரல் பதிவும் கிடையாது, எழுத்து மட்டும். சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த முறை என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். லாட்ஜ் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் வேணி. அண்ணன் போனை வாங்கிப் பட்டியலை மேலிருந்து நகர்த்தினார். மரக்கடை, தெப்பக்குளம், அம்மா மண்டபம், பால்பண்ணை, நாச்சியார்கோவில்.

“இதுல ஆம்பள யாரு, பொம்பள யாரு?”

“தெரியாதுங்க.”

“அந்தப் பய இதுலயும் இருந்தான்னா?”

“இருந்தா இருக்கட்டும். யாருன்னு தெரிஞ்சு, எந்த நம்பருக்குப் போடுவான்?”

கடைசிவரை நகர்த்திப் பார்த்தார். எங்கும் ஒரு எண்கூட இல்லை. பெருமூச்சு விட்டார். “சரிங்க. சேரட்டும். ஆனா எந்தப் பேர்ல சேரப் போறாள்னு எனக்கு மட்டும் சொல்லிடணும்.”

“நான் சேர்ந்து ஒரு வாரம் ஆச்சுண்ணே,” என்றாள் வேணி. “இப்ப நீ என்னைத் தாண்டித்தான் போனே.”

அண்ணன் அவளைப் பார்த்தார், போனைப் பார்த்தார். பட்டியலின் உச்சிக்குத் திரும்பி, இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொரு பேராகப் படித்துக்கொண்டு வந்தார். பிறகு நிமிர்ந்து, “எதும்மா?” என்றார்.

“சொல்ல மாட்டேன்,” என்றாள் வேணி.

சம்ரீன் கையை நீட்டித் தன் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.