ஒரே கைப்பேசி எண்

மதியம் இரண்டு இருபதுக்கு வித்துராவிலிருந்து பள்ளி ஆசிரியை அழைத்தார். இரண்டு பஸ்களில் பொன்முடி சுற்றுலா போன பிள்ளைகள் திரும்பும் வழியில் மண் சரிந்திருந்தது. என் மகனும் மகளும் அங்கேதான் இருந்தார்கள்.

"சேச்சி, எத்தனை பிள்ளைங்க கீழே வந்தாச்சுன்னு பெட்டென்னு சொல்லுங்கோ. தேடப் போற ஜீப்பு காத்து நிக்குது."

பள்ளியின் வருகைப்பதிவு எங்கள் அலுவலக டேட்டாபேஸில் இருக்கிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரே பிள்ளைக்குப் புதுப் பதிவு விழும். திரும்ப வருவதைத் தள்ளி, வேறு வேறு பிள்ளைகளை எண்ண வேண்டும். மாணவர் எண்ணை வைத்து எண்ணினால் எல்லாப் பதிவுகளையும் படித்து முடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். பெற்றோரின் கைப்பேசி எண்ணுக்கு இன்டெக்ஸ், அதாவது விரைவாகத் தேட உதவும் அட்டவணை, இருந்தது. நொடியில் விடை வரும். பதற்றத்தில் அந்தக் கைப்பேசி எண்களையே எண்ணினேன். புறப்பட்ட எண்ணிக்கையும் மலையிறங்கிய எண்ணிக்கையும் பொருந்தின.

"எல்லாரும் வந்தாச்சு டீச்சர்."

ஜீப் திரும்பிவிட்டது.

மாலையில், கரமனையில் எங்கள் வீட்டு வாசலில் மகன் மட்டும் இறங்கினான். "அம்மு எங்கேம்மா? முதல் பஸ்லயே வந்துட்டாள்னு டீச்சர் சொன்னாங்களே?"

அப்போதுதான் உறைத்தது. இருவருக்கும் என் எண்தான். அண்ணன் மலையிறங்கியதுமே தங்கையும் கணக்கில் வந்துவிட்டாள். விட்டுப்போனது என் பிள்ளை, விட்டதும் நானே.

டீச்சரை அழைத்துச் சொன்னேன். ஜீப் மறுபடி மலையேறியது. கழிப்பறைக்குப் போனவள், சரிவுக்கு அப்பால் ஒரு டீக்கடையில் தனியாக நின்றிருந்தாளாம்.

விளக்கு வைத்த பிறகு அம்மு வந்தாள். காலெல்லாம் சேறு. வாரி அணைத்தேன்.

"நீதான் எண்ணினதா ஜீப் மாமா சொன்னார். என்னை எண்ணலையாம்மா?" என்று கேட்டாள்.