இரண்டு நாள் அமுக்கி வைத்த மெயில்

ஸ்டுட்கார்ட்டில் எங்கள் அலுவலகத்தில் தும்மினால்கூட நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த அமைதியில், காலை ஒன்பது மணிக்கு, என் கணினியிலிருந்து குக்கர் விசில் அடித்தது. பக்கத்து மேசையிலிருந்த எங்கள் குழுத் தலைவர் மார்க்குஸ் பதறி எழுந்து, அபாய மணியா என்று கேட்டார். "ரைஸ்" என்றேன். ஜெர்மன் மொழியில் அரிசிக்கு அதுதான் சொல். அவர் காதில் 'ரைசே' என்று விழுந்திருக்கிறது. அதற்குப் பயணம் என்று பொருள். "ஓ, உங்கள் நண்பர் எங்கே போகிறார்?" என்றார். அவன் எங்கேயும் போகவில்லை. என் வயிற்றெரிச்சலே அதுதான்.

திரையில் இருந்தவன் கோமதிசங்கர். சங்கரன்கோவிலில் ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். நான் கிளம்பியபோது பஸ் ஸ்டாண்டு வரை வந்து, "அங்கன எனக்கும் ஒரு வேலை பாருலே" என்றான். பார்க்கிறேன் என்றேன், பார்க்கவில்லை. பதினோரு வருடம் கழித்து அவனே வந்து சேர்ந்தான், தன் வீட்டு மாடியிலிருந்தபடியே, எங்கள் குழுவுக்கு. எனக்கும் அவனுக்கும் ஒரே வேலை. அதற்காக நான் பனியில் வழுக்காமல் நடக்கப் பழகினேன். தொண்டையில் உருளும் ஒரு மொழியைப் படித்தேன். அப்பா இறந்து மூன்றாம் நாள்தான் ஊர் போய்ச் சேர்ந்தேன். அப்பாவுக்குத் தோள் கொடுத்தவர்களில் கோமதி ஒருவன் என்று அம்மா சொன்னாள். நன்றி சொல்ல வேண்டிய இடம். எனக்குப் பொறாமைதான் வந்தது.

அப்போது ஒரு மருத்துவமனையின் ஸ்டோரேஜ் எங்கள் பொறுப்பில் இருந்தது. பல சர்வர்கள் அந்த ஒரே சேமிப்பிலிருந்துதான் படங்களையும் பதிவுகளையும் எடுக்கும். அப்படி எடுக்கும் ஒவ்வொரு சர்வரையும் ஹோஸ்ட் என்போம். திடீரென்று ஸ்கேன் படங்கள் திறக்க நேரமாயிற்று. டிஸ்க்குகள் பழையவை, புதிது வாங்க வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலை கோமதியின் மெயில் வந்தது. டிஸ்க்கில் குறையில்லை, பழைய படங்களை ஆண்டறிக்கைக்காகப் புரட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஹோஸ்ட், பகல் முழுக்க மற்றவற்றுக்கு வழிவிடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவசரமில்லாத வேலை. நொடிக்கு இத்தனை கோரிக்கைதான் என்று அதற்கு மட்டும் ஒரு வரம்பு கட்டினால் போதும்.

அவன் சொன்னது சரி என்று, மெயிலோடு இணைத்திருந்த வரைபடத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இன்னும் சரிபார்க்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மெயிலை மூடினேன். புதனன்று அவன் கேட்டான்: "பாத்தியாலே?" "பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றேன்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் மருத்துவமனை அம்மையார் ஒருவர் குரலை உயர்த்தாமலே சொன்னார்: நேற்று தலையில் அடிபட்ட ஒருவர் மேசையில் கிடக்க, படம் திறப்பதற்காக மருத்துவர் காத்து நின்றாராம். கூட்டம் முடியும் முன்பே வரம்பைக் கட்டினேன். சில நிமிடங்களில் படங்கள் தொட்டதும் திறந்தன. "அருமை!" என்றார் மார்க்குஸ். "நாங்கள்" என்றேன், கோமதியின் பெயரைச் சொல்லாமல். அடக்கம் என்று எடுத்துக்கொண்டு என் தோளைத் தட்டினார். நானும் திருத்தவில்லை.

மதியம் கோமதியை அழைத்து, கூட்டத்தில் அந்த அம்மையார் சொன்னதைச் சொன்னேன். "ஒன் மெயில ரெண்டு நாளு அமுக்கி வச்சிட்டேன்லே. பொறாமை. வேற ஒண்ணுமில்ல."

நான் திட்டுக்குக் காத்திருந்தேன். அவன் கேட்டது வேறு. "அந்த அடிபட்ட மனுசன் எப்படி இருக்காரு?"

அதை நான் விசாரிக்கவே இல்லை. அழைப்பை வைத்துவிட்டு அந்த அம்மையாரிடம் கேட்டேன். பிழைத்துக்கொண்டார், கண் விழித்துப் பேசுகிறார் என்றார். திரும்ப அழைத்துச் சொன்னேன்.

கோமதி மூச்சை விட்டான். "அப்பஞ் சரி. அவருக்கு ஏதும் ஆயிருந்தா ஒன் மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன். மார்க்குஸ்ட்ட நீயே சொல்லிரு."

நடந்தது அனைத்தையும் எழுதி அனுப்பினேன். மார்க்குஸ் என்னைக் கூட்ட அறைக்குள் அழைத்துக் கண்டித்தார். மறுவாரம் அந்த மருத்துவமனைப் பொறுப்பைக் கோமதிக்கு மாற்றினார். நியாயம்தான். அன்று கேன்டீனில் ரொட்டி இறங்கவில்லை என்பதும் உண்மை.

நேற்று அவனே பேசினான். ராஜபாளையம் ரோட்டில் புது வீடு கட்டியிருக்கிறான். "ஊருக்கு வந்தா நேரா இங்கன வா மக்கா. பூராம் மாறிப்போச்சு, ஒனக்கு வழி தெரியாது. லொக்கேசன் அனுப்புதேன்."

என் ஊருக்கே எனக்கு வழி தெரியாதாம். கோபத்தோடுதான் திறந்தேன். வரைபடத்தில் நான் ஒரு நீலப்புள்ளி, அவன் வீடு ஒரு சிவப்புப்புள்ளி. இரண்டையும் ஒரே திரையில் பார்க்க விரலால் சுருக்கிக்கொண்டே போனேன். கடைசியில் இரண்டும் தெரிந்தன. அதற்குள் சங்கரன்கோவில் என்ற பெயரும் மறைந்திருந்தது, ஸ்டுட்கார்ட் என்ற பெயரும் மறைந்திருந்தது.