ஏழாவது அடி

என் அக்கா புருஷனை ஸ்டுடியோவில் ‘அடிதடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். சினிமாவுக்குச் சத்தம் செய்வது அவர் தொழில். ஈரத் துண்டைச் சுருட்டிப் பழைய தோல்பையில் ஓங்கி அடித்தால் கன்னத்தில் அறை. முட்டைக்கோஸ் தண்டை முறுக்கினால் முறிகிற எலும்பு. ஆறு வருடமாக அதைப் பதிவு செய்கிறவள் நான். மனுஷன் எறும்பைக்கூட மிதிக்க மாட்டார் என்று ஊரெல்லாம் சொன்னவளும் நான்தான். என் வாயில் மண்ணை அள்ளிப் போட!

அந்தத் தடவை வந்தது பிரெஞ்சு சினிமாவின் வரலாற்றைச் சொல்லும் டிவி தொடர். தமிழில் குரல் கொடுத்து, அதில் வரும் பேசாப்படத் துண்டுகளுக்குச் சத்தமும் சேர்க்க வேண்டும். மூன்றாம் பகுதி முழுக்க அடி: தொழிற்சாலை வாசலில் தடியடி, திருடனை நாலு பேர் போட்டு மிதிப்பது, சமையலறையில் ஒருவன் பெண்டாட்டியை ஏழு அறை அறைவது. அந்த ஏழு அறையையும் மாமா தன் வீட்டிலேயே பதிவு செய்து அனுப்பினார். வேலை செய்யும்போது ரெக்கார்டரை நிறுத்தவே மாட்டார், பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்பார்.

படத்தோடு சேர்த்துப் போட்டுப் பார்த்தோம். டைரக்டர் துள்ளினார்.

"அந்த ஏழாவது அடி இருக்கே, அடேங்கப்பா! மத்த ஆறும் அதுகிட்ட பிச்சை வாங்கணும்!"

ஈரத் துண்டின் சத்தம் எனக்குத் தெரியாதா? இது காய்ந்த அடி. வெட்டாத பதிவையும் மாமா வழக்கம்போலச் சேர்த்தே அனுப்பியிருந்தார். ஹெட்போனை மாட்டினேன். அடிக்கு ஒரு நொடி முன்னால் அக்காவின் குரல்.

"காதுல வேணாங்க... இடது பக்கம் ஏற்கெனவே சரியாக் கேக்கல."

இரண்டு மாதமாக எதற்கெடுத்தாலும் "என்ன? என்ன?" என்று கேட்டாளே! செவிட்டு மகாராணி என்று கேலி செய்தேனே, பாவி!

மாமா டீ டம்ளரோடு உள்ளே வந்தார்.

"ஏழாவது அடி எப்படி எடுத்தீங்க மாமா?"

"துண்டுதாம்மா. கொஞ்சம் ஓங்கிப் போட்டேன்."

ஸ்பீக்கரில் அக்காவின் குரலை முழுச் சத்தத்தில் போட்டேன். டம்ளர் கீழே விழுந்தது.

"அது... குடும்பம்னா நாலும் இருக்கும்..."

தோல்பையைத் தூக்கி அவர் முகத்தில் வீசினேன். இரும்புக் கொக்கி பட்டு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. மறுபடி எடுத்து அடித்தேன். டைரக்டர் என் கையைப் பிடிக்காவிட்டால் இன்னும் அடித்திருப்பேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

பதிவை பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. கட்டிலோரம் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். இடப்பக்கம் போய், "அக்கா, கிளம்பு" என்றேன். அவள் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றி வந்து, நல்ல காதுப் பக்கம் கத்தினேன். அப்போதும் மடித்தாள்.

தோளைத் தொட்டேன். தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினாள். என்னைக் கண்டதும் சிரித்தாள்.

"எப்படி வந்தே நீ? பூனை மாதிரி, சத்தமே இல்லாம!"