விழுந்த முடி

என் முடியைத் திருடியவர்கள் வெளியாட்கள் இல்லை. ஒருத்தி என் பெரியம்மா மகள். இன்னொருத்தி என்னைப் பெற்றவள்.

அப்போது மலேயாவில், லாயாங் லாயாங் என்கிற ஊரின் ரயில் நிலையத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். பெரியப்பாவும் பெரியம்மாவும் காய்ச்சலில் போய்விட்டதால் அக்கா எங்கள் லயத்து வீட்டில்தான் வளர்ந்தாள். இரண்டு பேரும் பால்வெட்டுக்குப் போனோம். ஒரு மழைக்காலத்தில் அந்தப் பாழாய்ப்போன குளிர்காய்ச்சல் எனக்கும் வந்தது. கொயினா மாத்திரை விழுங்கிப் பிழைத்தேன். ஆனால் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. தீபாவளி கழித்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். மாப்பிள்ளைக்கு ரயில் தண்டவாளத்தில் வேலை. பெண் பார்க்க வருகிறவர்கள் சடையை அவிழ்த்தே பார்ப்பார்கள்.

அதனால் தலை அலசத் தண்ணீர் காய்ச்ச ஆரம்பித்தேன். அரிசி கழுவிய தண்ணீரை முதல் நாளே மூடி வைத்துப் புளிக்க விடுவேன். ஊறின வெந்தயம், வேலியோரச் செம்பருத்தி இலை, கறிவேப்பிலை மூன்றையும் அம்மியில் அரைத்து அதில் கரைத்து, ஒரு கொதி வந்ததும் இறக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுவேன். ஆறின பிறகு லீமாவ் பூரூட் பிழிவேன். கம்பம் என்கிற பக்கத்து மலாய்க் கிராமத்து அம்மா கொடுக்கும் சொறி பிடித்த மாதிரி தோல் உள்ள எலுமிச்சை அது. சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டுக் கடைசியாக இதை ஊற்ற வேண்டும்.

காய்ச்சுவது நான். ஊற்றிவிடுவது அக்கா. வலிக்காமல் சிக்கெடுப்பாள். கையோடு வரும் முடியை எல்லாம் பொறுக்கிச் சுருட்டிக்கொள்வாள். நான் கேட்டால் தரமாட்டாள்.

"காய்ச்சல்ல விழுந்த முடியை வீட்ல வைக்கக் கூடாதுடி. திரும்பவும் காய்ச்சல் வரும். நான் ஆத்துல விட்டுர்றேன்."

நம்பினேன். என்மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். மடச்சி.

மாப்பிள்ளையின் அம்மா வந்தாள். என் சடையை அவிழ்த்தாள். புதிதாக முளைத்த முடி முள்ளு முள்ளாக நின்றது. "காய்ச்சக்காரப் பொண்ணா?" என்று என் முன்னாலேயே கேட்டாள். அம்மா உடனே, "மூத்தவ ஒருத்தி இருக்கா, அவளையும் பாருங்க" என்றாள்.

அக்கா காப்பித் தட்டோடு வந்தாள். தோளுக்குக் கீழே இறங்காத முடி அவளுக்கு. அன்று சடை இடுப்பில் கிடந்தது. நெருக்கமாகப் பூ தைத்திருந்ததால் யாரும் அவிழ்க்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டார்கள்.

அவர்கள் போனதும் அக்கா பூவைப் பிரித்தாள். கூடவே பாதிச் சடை கழன்று வந்தது. சவுரி. வெளிச்சத்தில் பார்த்தேன். எண்ணெய் தடவியும் நுனியெல்லாம் செம்பட்டை. எங்கள் வீட்டில் செம்பட்டை முடி எனக்கு மட்டும்தான்.

"அது என் முடி."

"தலையில இருந்தாத்தான்டி உன் முடி. விழுந்தா குப்பை."

"குப்பையை எதுக்குடி உன் தலையில வச்சிருக்க?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான்தான் முறுக்கிக் கொடுத்தேன். இந்தத் தலையைப் பாத்தா உன்ன வேணாம்னுதான் சொல்லுவாங்க. வந்த சம்பந்தம் வீணாப் போகணுமா? அவளுக்கு யாரு இருக்கா? உனக்கு முடி வளரும்ல."

வளர்ந்தது. அந்தத் தண்ணீரை நான் விடவில்லை. இடுப்புக்குக் கீழே வளர்ந்தது. அக்காவைக் கட்டின தண்டவாளக்காரன் மட்டும் எனக்குத் திரும்பி வரவில்லை.

பிள்ளை பெற்று, உச்சி தெரிய முடி கொட்டின நிலையில் அக்கா ஒரு நாள் வந்தாள். நான் வடிகட்டி ஆறவைத்த தண்ணீரில் லீமாவ் பூரூட் பிழிந்துகொண்டிருந்தேன்.

"தங்கச்சி, எனக்கும் கொஞ்சம் ஊத்தி விடுடி."

"கொடுடி, பாவம்" என்றாள் அம்மா.

அண்டாவைத் தூக்கினேன். அவள் கண்ணெதிரிலேயே என் தலையில் கடைசிச் சொட்டு வரை ஊற்றிக்கொண்டேன். சிக்கெடுத்தபோது கையில் வந்த நாலு முடியை ஈரத்தோடு அடுப்பில் போட்டேன். வீடு முழுக்க நாறியது. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

இன்றைக்கும் என் தலையில் இன்னொருத்தி கை வைக்க விடமாட்டேன். என் முடி விழுந்தால் அடுப்புக்குத்தான் போகும்.