சுவரைப் பார்த்து நின்ற அக்கா

ஆம்பூர் ஷூ கம்பெனியில் என் பக்கத்து மெஷினில் ஒரு அக்கா தைப்பார். தையல் லைனில் யாருக்கும் பயப்படாதவர்; ரத்தத்தைக் கண்டால் மட்டும் அவருக்கு ஆகாது. ஒருமுறை என் விரலில் ஊசி ஏறியபோது, நான் கத்துவதற்குள் அவர் மயங்கிச் சரிந்துவிட்டார்.

முப்பது வயது தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை என்று கம்பெனியில் முகாம் போட்டார்கள். எனக்கு அப்போதுதான் முப்பது முடிந்திருந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லையே, எதற்கு என்றேன்.

"வந்தப்புறம் பாக்கறதுக்கு இன்னாத்துக்கு முகாம்? வாடி" என்று இழுத்துப் போனார்.

அவருக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. என்னை மட்டும் வேலூர் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். வீட்டுக்காரர் லாரியில் கான்பூருக்குத் தோல் லோடு ஏற்றிப் போயிருந்தார். போனில் சொன்னேன்; அவரால் உடனே திரும்பி வர வழியில்லை. அக்கா லீவு போட்டுவிட்டு என்னோடு பஸ் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் வினிகர் மாதிரி ஒரு மருந்தைத் தடவி, கருவி வழியாகப் பார்த்து, துளி சதை எடுத்து அனுப்பினார்கள். ரிசல்ட் வந்ததும் டாக்டரம்மா புரியும்படி சொன்னார்: "இது கேன்சர் இல்லம்மா. அப்படியே விட்டா பின்னாடி ஆகலாம். அந்த இடத்தை மட்டும் எடுத்துட்டா போதும்."

எடுக்கும் அன்றைக்கும் அக்கா வந்தார். மரத்துப்போக ஊசி போட்டு, சூடான மெல்லிய கம்பி வளையத்தால் எடுப்பார்களாம். "நீங்க வெளிய இருங்கக்கா, ரத்தம் வரும்" என்றேன். கேட்கவில்லை. நர்ஸிடம் அனுமதி வாங்கி உள்ளே வந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு என் கையைப் பிடித்தார். கருகல் வாடை வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, முந்தின நாள் ஷிப்டில் நடந்த சண்டையைச் சொல்ல ஆரம்பித்தார். முடியும்வரை நிறுத்தவே இல்லை. வெளியே வந்த பிறகுதான் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

நான் திரும்பி வேலைக்குப் போன வாரம், கம்பெனி பஸ்ஸில் பின் சீட்டில் ஒருத்தி முணுமுணுத்தாள்: "அந்த மாதிரி நோயாம், நடத்தை சரியில்லன்னாதான் வருமாம்." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றார்.

"புருசனோட குடும்பம் நடத்துற யாருக்கும் வரலாம். டாக்டரம்மா சொன்னத என் காதால கேட்டேன். எனக்கு வரல, அவ்ளோதான். உனக்கு இருக்கா இல்லையான்னு உனக்கே தெரியாதே, போய்ப் பாத்தியா?"

இறங்கும்போது அந்தப் பெண்ணே அக்காவின் பக்கத்தில் வந்து, எந்தக் கிழமை போனால் பார்ப்பார்கள் என்று மெதுவாகக் கேட்டாள். அக்கா கோபத்தை அங்கேயே விட்டுவிட்டு, "நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

சில மாதம் கழித்து மறுபடி பரிசோதித்தார்கள். சுத்தமாக இருந்தது. அன்றைக்கு வீட்டுக்காரர் என்னோடு வந்திருந்தார். கம்பெனியில் ஷிப்டில் இருந்த அக்காவுக்கு போன் போட்டுச் சொன்னேன். அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று மெஷின் சத்தத்தில் தெரியவில்லை.